லெகார்ன் என்பது கோழி

‘நாக்கி’ என்று சொல்ல வேண்டும். மூன்றே எழுத்து. குழந்தைகூடச் சொல்லிவிடும். பரிமாறுபவர் கப்பலுக்கு வாய் வரவில்லை.

“எங்க, இன்னொரு தடவை,” என்றார் மேனேஜர்.

“ஞொக்கி.”

“நா.”

“ஞொ… நா.”

“க்கி.”

“க்கி.”

“ஆங், இப்ப சேர்த்து?”

“ஞொக்கி,” என்றார் கப்பல். சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த இரண்டு கடிதங்களைப் பார்த்தார். பிறகு கப்பலைப் பார்த்தார்.

“உங்களுக்கு என்ன வயசு?”

“அம்பத்தஞ்சு சார்.”

“எனக்கு முப்பத்தெட்டு. நான் சொல்றேன் பாருங்க. நாக்கி. நாக்கி. நாக்கி. எனக்கு ஏதாவது ஆச்சா?”

“இல்ல சார்.”

“அப்புறம் உங்களுக்கு மட்டும் என்ன கேடு?”

அதைச் சொல்வதென்றால் பழைய கதைக்குப் போக வேண்டும். அந்த ஓட்டலில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கே வருவதற்கு முன் ஒன்பது வருஷம் சரக்குக் கப்பலின் சமையல்கட்டில் இருந்தவர் என்பதால் கப்பல். முதல் மாடியில் இருக்கும் இத்தாலிச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறவர்களுக்கு அவர்தான் தலைவர். சாப்பிட வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் சுற்றுவட்டாரக் கம்பெனிகளுக்கு வேலையாக வரும் ஆங்கிலக்காரர்கள். இத்தாலிப் பண்டங்களின் பெயரை அவர்கள் தங்கள் நாக்குக்கு வசதியாகச் சொல்வார்கள். அதில் என்ன குற்றம்? நம் ஊர்ப் பெயர்களையும் அவர்கள் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். நாமும் அதையே பலகையில் எழுதி மாட்டிக்கொண்டோம்.

கப்பலுக்குச் சரியாகத்தான் சொல்ல வரும். அது அவர் செய்த பாவம்.

அந்தச் சரக்குக் கப்பலில் அவருக்கு மேல் படுக்கை. கீழ்ப் படுக்கையில் ரொட்டி சுடுகிறவன், அவர் வயசுக்காரன். இத்தாலியில் லிவோர்னோ என்ற துறைமுகத்தில் பிறந்தவன். மற்ற எல்லோரும் ஆங்கிலக்காரர்கள். அவர்கள் அந்த ஊரை ‘லெகார்ன்’ என்பார்கள். ஆமாம், வெள்ளைவெளேரென்று இருக்குமே, அந்த முட்டைக்கோழி லெகார்ன்தான். அந்த ஊரிலிருந்து கப்பலேறியதால் கோழிக்கு அந்தப் பெயர். யாராவது ‘லெகார்ன்’ என்று சொன்னால் கீழ்ப்படுக்கைக்காரனுக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். “லெகார்ன்னா கோழி! நான் என்ன முட்டையிலிருந்தா வந்தேன்?” என்று கத்துவான்.

கப்பல் பிறந்த ஊருக்கும் அதே கதிதான். பெயரில் ஒரு ழ. ஆங்கிலக்காரர்கள் அந்த ழ-வைத் தூக்கிக் கடலில் போட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னார்கள்.

ஒரு மழை நாளில் இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நீ என் ஊரைச் சரியாகச் சொல், நான் உன் ஊரைச் சரியாகச் சொல்கிறேன். கப்பலுக்கு லிவோர்னோ அன்றைக்கே வந்துவிட்டது. அவன் சாப்பாட்டுப் பெயர்களும் ஒரு வாரத்தில் வந்துவிட்டன. ஞொக்கிக்கு நம்மிடம் ஞ இருக்கிறது. கச்சுக்கோ என்ற மீன் குழம்புக்கு வேண்டிய ‘ச்சு’வும் ‘க்கோ’வும் நமக்குப் பிறவியிலேயே உண்டு. கீழ்ப்படுக்கைக்காரனுக்கு ழ வரப் பதினோரு மாதம் பிடித்தது. வந்த அன்று மாவுக் கையோடு ஓடிவந்து கப்பலின் ஊர்ப் பெயரை முழுசாகச் சொன்னான். கப்பல் அழுதுவிட்டார். வீட்டைவிட்டுக் கிளம்பிய பிறகு அவருடைய ஊரை ஒருவன் ஊராகச் சொன்னது அன்றுதான்.

ஒன்பதாவது வருஷம் கீழ்ப்படுக்கைக்காரன் காய்ச்சலில் செத்துப்போனான். ஒப்பந்தத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியைக் கப்பல் விடாமல் காப்பாற்றிக்கொண்டு வந்தார்.

அதன் பலன்தான் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

முதல் கடிதம் போன மாதம் வந்தது. ஓர் இளைஞன் வருங்கால மாமனாரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். “ப்ருஷெட்டா இரண்டு,” என்றான். சுட்ட ரொட்டியில் பூண்டு தேய்த்துத் தக்காளி வைத்துத் தருவது. “ப்ருஸ்கெத்தா இரண்டு,” என்று கப்பல் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார். இளைஞன் மறுபடியும் “ப்ருஷெட்டா” என்றான். கப்பலும் மறுபடியும் “ஆமாம் சார், ப்ருஸ்கெத்தா” என்றார். ஐந்தாவது தடவை மாமனார் சிரித்துவிட்டார். கல்யாணம் நடந்ததா என்று தெரியாது, கடிதம் வந்தது.

இரண்டாவது கடிதம் நேற்று. ஓர் அம்மாள் நாக்கி கேட்டார். உருளைக்கிழங்கை அவித்து மாவோடு பிசைந்து விரல் நுனியளவு உருட்டி வேகவைப்பது. கப்பல் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. ஒரு விநாடி கண்ணை மட்டும் மூடினார். ‘நான் பேசியதைக் கேட்டு உங்கள் பரிமாறுபவர் வலி தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டார்’ என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார்.

“கண்ணைக்கூட மூடக் கூடாதா சார்?”

“மூடுங்க. வீட்டுக்குப் போய் நல்லா மூடுங்க,” என்றார் மேனேஜர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கப்பல், நல்லா கேட்டுக்கோங்க. தலைமை ஆபீஸ்லேருந்து இந்த வாரம் ஒருத்தர் வர்றார். யாருன்னு எனக்கும் சொல்ல மாட்டாங்க. எல்லாரையும் மாதிரி வந்து சாப்பிட்டுட்டு, கருத்துச் சீட்டுல எழுதி வச்சிட்டுப் போவார். மூணாவதா ஒரு புகார் வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது. கீழ துணி ரூம்தான்.”

துணி ரூம் என்பது தரைக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. மேசைவிரிப்புகளையும் துவாலைகளையும் மடித்து அடுக்க வேண்டும். சம்பளம் அதே சம்பளம்தான். ஆனால் பேச ஆள் கிடையாது. இதற்கு முன்னால் அங்கே அனுப்பப்பட்டவர் ஆறாவது மாதம் துவாலைகளை வாங்க போங்க என்று மரியாதையோடு கூப்பிட ஆரம்பித்துவிட்டார். காலையிலிருந்து நாலு மணி வரை மனுஷ முகம் பார்த்து, நாலு வார்த்தை பேசிப் பரிமாறுவதுதான் கப்பலுக்குப் பிழைப்பு, சந்தோஷம் எல்லாம். அது போனால் அவரிடம் வேறொன்றும் இல்லை.

“விருந்தாளி வாயில என்ன வருதோ அதுதான் பேரு,” என்றார் மேனேஜர். “அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லணும். அவருக்கு முன்னாடி நீங்க சொல்ல வேண்டி வந்தா, இங்கிலீஷ்காரங்க எப்படிச் சொல்வாங்களோ அப்படிச் சொல்லணும். புரியுதா?”

“புரியுது சார்.”

“சொல்லுங்க பாப்போம்.”

“நாளைக்குச் சொல்றேன் சார்,” என்றார் கப்பல்.

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தலை வாரிக்கொண்டே அவர் மனைவி பாடம் எடுத்தாள். அவளுக்கு மருந்துக் கடையில் வேலை.

“என் கடைக்கு வர்றவங்க ஒருத்தராவது மருந்துப் பேரைச் சரியா சொல்றாங்களா? சரியா சொன்னாத்தான் எனக்குத் திக்குன்னு இருக்கும். அதுக்காக நான் என்ன கண்ணையா மூடுறேன்? எடுத்துக் குடுக்குறேன். குணமாகுது.”

“மருந்து வேற, இது வேற.”

“ஒரு வேறயும் இல்ல. நான்தான் வெள்ளைக்கார அம்மா. எனக்கு ஒரு நாக்கி.”

“ஒரு… நாக்கி.”

அவள் சீப்பை நிறுத்திவிட்டு அவரை உற்றுப் பார்த்தாள். “வாய் சொல்லுது. மூஞ்சி சொல்லலையே. கசாயம் குடிச்ச மாதிரி இருக்கு.”

“மூஞ்சியை நான் என்ன பண்ணட்டும்?”

“உங்க அக்கா வீட்டுல சாப்பிட்டுட்டு, ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்வீங்கல்ல, அந்த மூஞ்சியை வைங்க.”

அந்த முகம் கப்பலிடம் ரெடியாக இருந்தது. இருபத்தைந்து வருஷப் பழக்கம். அதை வைத்துக்கொண்டு “நாக்கி,” என்றார். “ப்ருஷெட்டா,” என்றார். அவளுக்கே ஆச்சரியமாகிவிட்டது.

“அதேதான்! அப்படியே போங்க, மாத்திடாதீங்க,” என்றவள், செருப்பை மாட்டிக்கொண்டே குரல் இறங்கிச் சொன்னாள்: “இங்க பாருங்க, துணி ரூமுக்குப் போனா நீங்க நாள் பூரா பேசாததையெல்லாம் சேர்த்து வச்சு என்கிட்டதான் கொட்டுவீங்க. எனக்குத் தெம்பு இல்ல. அந்தக் கீழ்ப்படுக்கைக்காரரே இருந்திருந்தாலும், விடுப்பா, வேலையைப் பாருன்னுதான் சொல்லியிருப்பார்.”

கப்பல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான் என்று அவருக்குத் தெரியும்.

முதல் இரண்டு மேசை ஒழுங்காகவே போயின. விருந்தாளி சொன்னதைக் கப்பல் சொன்னார், அக்கா வீட்டு முகத்தோடு. சிக்கல் சமையல்கட்டில் இருந்தது.

சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல். கப்பல் இந்தப் பக்கம் நின்று பெயரைச் சொல்வார். அந்தப் பக்கம் மாஸ்டர் தட்டைத் தயார் செய்து, அதே பெயரைக் கத்தி ஜன்னலில் வைப்பார்.

“நாக்கி ஒண்ணு, மாஸ்டர்.”

உள்ளே கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

“மாஸ்டர், நாக்கி!”

“அப்படி ஒரு ஐட்டமே நம்மகிட்ட கிடையாது,” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

“விளையாடாதீங்க.”

மாஸ்டர் கரண்டியோடு ஜன்னலில் தலையை நீட்டினார். “யாரு விளையாடுறது? நாலு வருஷமா என் உயிரை எடுத்தீங்களே, மறந்துபோச்சா? ஞாயித்துக்கிழமையை நினைச்சுக்கோ, ஞாபகத்தை நினைச்சுக்கோன்னு சொல்லிச் சொல்லிப் பழக்கினீங்க. இப்பதான் வாயில ஒட்டியிருக்கு. இப்ப வந்து நாக்கின்னா?”

“ஒரே ஒரு வாரம், மாஸ்டர்.”

“ஒரு வேளைக்கு முடியாது. எனக்கு இருக்கிறது ஒரு வாய்.”

சொன்னபடி, தட்டு தயாரானதும், “ஞொக்கி!” என்று தெருவுக்குக் கேட்கும்படி கத்தினார். மூன்றாம் மேசைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். இவர் மேசையில் ஒரு மாதிரி சொல்ல, உள்ளேயிருந்து ஒருவர் வேறு மாதிரி கத்தினால், விருந்தாளியை ஓட்டலே திருத்துகிற மாதிரி ஆகாதா?

ஜன்னல் கதவைச் சாத்தினார். தட்டுகள் உள்ளேயே நின்று ஆறிப்போயின. ஒருவர் சூப்பைத் திருப்பி அனுப்பினார்.

“ஜன்னலை எந்தப் புண்ணியவான் சாத்தினது?” என்று மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

கப்பல் ஜன்னலைத் திறந்துவிட்டு, ஒரு மேசைமணியைக் கொண்டுபோய் மாஸ்டரிடம் கொடுத்தார். பெயரே சொல்ல வேண்டாம், தட்டு வந்தால் அடித்தால் போதும். மாஸ்டர் அடித்தார். எல்லாத் தட்டுக்கும் ஒரே மணி. யாருக்கு எது என்று தெரியாமல், இரண்டாம் மேசைச் சாப்பாடு ஐந்தாம் மேசைக்குப் போனது. ஐந்தாம் மேசைக்காரர் அதில் பாதியைச் சாப்பிட்டுவிட்ட பிறகுதான் இது என்னுடையதில்லையே என்றார். மேனேஜர் வந்து மணியைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

“மாஸ்டர், கத்திக்கோங்க. ஆனா மெதுவா கத்துங்க,” என்றார் கப்பல், கையெடுத்துக் கும்பிட்டு.

“பாக்கலாம்,” என்றார் மாஸ்டர்.

பன்னிரண்டரைக்கு அந்த ஜோடி வந்தது. பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும், தேய்த்த கோட்டு. அந்த அம்மாள் கைத்தடியோடு. ஓட்டல் வாசலில் நிற்கும் வாசல்காரர் அந்த அம்மாளைக் கைத்தாங்கலாக மாடி வரை கூட்டிவந்து விட்டார். வருகிற போகிற எல்லோருக்கும் சல்யூட் அடித்து, எல்லோரிடமும் கதை கேட்கிறவர்; பெயரே சல்யூட். அவர் கப்பலைப் பார்த்து ஏதோ சைகை செய்தார். கப்பலுக்குப் பார்க்க நேரமில்லை.

ஏனென்றால் பெரியவர் உட்கார்ந்ததும் ரொட்டியை எடுத்துப் பிட்டு, காதருகே வைத்துக் கேட்டார். எண்ணெய்க் கிண்ணத்தை மோந்து பார்த்தார். தட்டைத் திருப்பி அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தார். சும்மா சாப்பிட வருகிறவன் எவன் ரொட்டிக்குக் காது கொடுப்பான்? தூணருகே நின்ற மேனேஜர் கப்பலைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தார். அவர்தான்! தலைமை ஆபீஸ்!

கப்பல் அக்கா வீட்டு முகத்தை மாட்டிக்கொண்டு மேசைக்குப் போனார். இனி நடந்த பேச்செல்லாம் ஆங்கிலம். நமக்குத் தமிழ் போதும்.

“வணக்கம் சார், வணக்கம் மேடம். இன்னைக்கு ப்ருஷெட்டா ரொம்ப நல்லா இருக்கு. நாக்கியும் இருக்கு.”

ஆவலோடு நிமிர்ந்திருந்த பெரியவரின் முகம் ஒரு விரற்கடை இறங்கியது. அவரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் மெனு அட்டையின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

“எனக்கு இது. க…” என்று ஆரம்பித்து நிறுத்தினார். கப்பலின் முகத்தை ஒருமுறை பார்த்தார். சோற்றில் கல் கடித்தவர்போல இருந்தது அவர் முகம். “கசியூக்கோ,” என்றார்.

மெனுவில் அந்தக் குழம்பு இருப்பதே கப்பலால்தான். ஐந்து விதக் கடல் மீன், தக்காளி, பூண்டு, அடியில் சுட்ட ரொட்டி. கீழ்ப்படுக்கைக்காரன் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல மனப்பாடம் ஆனதை மாஸ்டருக்குச் சொல்லி, பழைய மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சிச் சேர்த்தது. பெயரை வாசிக்கத் தெரியாததாலேயே யாரும் கேட்க மாட்டார்கள். நாலு வருஷத்தில் பதினோரு பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் ஆறு பேர் விரலால்.

நாக்கி போகட்டும், ப்ருஷெட்டா போகட்டும். இதையுமா?

தூணருகே மேனேஜர் நின்றிருந்தார்.

“கசியூக்கோ ஒன்று,” என்றார் கப்பல்.

பெரியவரின் புருவம் சுருங்கியது. ‘போச்சு, அவர் சொன்ன மாதிரி நமக்கு வரவில்லை போலிருக்கிறது’ என்று கப்பல் பதறி, இன்னும் ஆங்கிலமாக, “கஸ்ஸி-யூ-கோ,” என்றார்.

பெரியவர் பொறுமையாக, பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல, “ஆமாம். கஸ்-ஸீ-யூ-கோ,” என்றார்.

“கஸ்-ஸீ-யூ-க்கௌ,” என்றார் கப்பல்.

நாலு முறை இப்படியே அந்தப் பெயரை இருவரும் மாறி மாறிப் போட்டு மிதித்தார்கள். அந்த அம்மாள் துவாலையால் வாயை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா, வேறு ஏதாவதா என்று கப்பலுக்குத் தெரியவில்லை.

ஜன்னலுக்கு ஓடினார். “மாஸ்டர், கச்சுக்கோ ஒண்ணு,” என்று ரகசியமாகச் சொன்னார். “உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன், கத்தாதீங்க. தட்டை வச்சிட்டு இருமுங்க. போதும்.”

“கச்சுக்கோவா? நிஜமாவா? யாரு கேட்டது?” மாஸ்டருக்கு முகமெல்லாம் பல்.

அங்கேதான் தப்பு நடந்தது. மாஸ்டருக்கு அந்தக் குழம்பு வைப்பதென்றால் அவ்வளவு சந்தோஷம். இருபத்தைந்து நிமிஷம் வேர்க்க விறுவிறுக்க நின்று, ரொட்டியைச் சுட்டு அடியில் வைத்து, மீனை ஒவ்வொன்றாக அடுக்கி, நெஞ்சு நிறைந்துபோய், இருமுவதை மறந்துவிட்டார்.

“கச்சுக்கோஓஓ!”

‘ச்சு’வும் ‘க்கோ’வும் கூடத்தின் நாலு சுவரிலும் மோதின. பெரியவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

“யாரது?” என்றார். “உள்ளே யார் சொன்னது?”

கப்பல் மேசைக்கு ஓடினார். “மன்னிக்கணும் சார். எங்க சமையல்காரர். பாவம், அவருக்குப் பேர் சரியா சொல்ல வராது.”

“வராதா?”

“தப்பாச் சொல்லிட்டார் சார். நான் இன்னைக்கே திருத்திடுறேன்.”

பெரியவர் மெல்ல உட்கார்ந்தார். மனைவி அவர் கைமேல் கையை வைத்தார். “வேண்டாம்,” என்றார் பெரியவர். “அவரைத் திருத்தாதீங்க.”

என்ன பெருந்தன்மை என்று கப்பல் நினைத்துக்கொண்டார். குழம்பைக் கொண்டுவந்து வைத்தார். பெரியவர் ஒரு கரண்டி குடித்தார். பிறகு வெகுநேரம் கரண்டியைத் தொடவில்லை. கண்ணில் நீர் கோத்திருந்தது.

“காரம் அதிகமா சார்?”

“இல்லை. இது எந்த ஊர்க் குழம்பு?”

மேனேஜர் தூணை விட்டு வந்து பக்கத்து மேசையின் பூச்சாடியைச் சரி செய்துகொண்டிருந்தார். பூ நேராகத்தான் இருந்தது.

கப்பலுக்குத் தெரியும், இதுதான் கடைசிக் கேள்வி. இத்தனை வருஷத்தில் இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. ஒருவராவது கேட்க மாட்டாரா, அவன் ஊரை வாய் நிறையச் சொல்ல மாட்டோமா என்று ஏங்கியிருக்கிறார். கேட்கிற அன்றைக்கு இப்படி. லி என்று நாக்கு மேலே போனது. துணி ரூம் ஞாபகம் வந்தது. ‘மன்னிச்சுக்கடா’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

“லெகார்ன், சார்.”

பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை. ரொம்பக் களைப்பான முகமாக இருந்தது.

“லெகார்ன்,” என்றார். “அது கோழி இல்லையோ?”

கப்பல் கையிலிருந்த தண்ணீர் ஜாடி ஆடி, விரிப்பெல்லாம் நனைந்தது. மனசு ஒரு கணம் பழைய சரக்குக் கப்பலுக்குப் போய்க் கீழ்ப் படுக்கையை எட்டிப் பார்த்தது. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். சோதிக்கிறார்கள், விழுந்துவிடக் கூடாது.

“ஆமாம் சார். கோழியும்தான், ஊரும்தான்,” என்றார், அக்கா வீட்டு முகம் மாறாமல்.

பெரியவர் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். சீட்டில் நெடுநேரம் எழுதினார். போகும்போது கப்பலின் கையைப் பிடித்து இரண்டு தரம் குலுக்கினார்.

மூன்றரை மணிக்கு மேனேஜர் கப்பலை அறைக்குக் கூப்பிட்டு, சீட்டை நின்றுகொண்டே வாசித்தார்.

“‘இவ்வளவு பணிவான மனிதரை நான் பார்த்ததில்லை. நான் எப்படிச் சொன்னேனோ அப்படியே சொல்ல அவர் பட்ட பாட்டை மறக்க மாட்டேன். அவருக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.’ கப்பல்! அசத்திட்டீங்க!”

மேனேஜர் சீட்டைத் திருப்பினார்.

“கடைசியில என்னவோ எழுதியிருக்கார். ‘சமையல்காரரைத் தயவுசெய்து திருத்த வேண்டாம்.’ இது என்ன?”

“தெரியல சார்.”

மேனேஜர் மேசைக் கண்ணாடியைத் தூக்கி, இரண்டு கடிதங்களையும் உருவிக் கிழித்துக் குப்பையில் போட்டார். “துணி ரூம் பேச்சே இனிமே கிடையாது. அடுத்த வாரத்துலேருந்து மத்த பசங்களுக்கு நீங்கதான் சொல்லிக் குடுக்குறீங்க. இந்தக் கூடத்துல ஒவ்வொருத்தனும் உங்களை மாதிரியே நாக்கி சொல்லணும். என்ன?”

“சரிங்க சார்,” என்றார் கப்பல்.

மாடிப்படியில் இறங்கிக்கொண்டே மனைவிக்குப் போன் செய்தார்.

“தப்பிச்சேன்.”

“அப்பாடா! என் வயித்துல பாலை வார்த்தீங்க. அதுக்கேன் குரல் இப்படி இருக்கு?”

“மூஞ்சியை இன்னும் மாத்தல. வந்து மாத்துறேன்,” என்றார் கப்பல்.

வாசலுக்கு வந்தார். வெயில் சாய்ந்திருந்தது. இன்றைய சாப்பாடு எழுதிய பலகை அங்கேதான் இருந்தது. கடைசி வரியில் கச்சுக்கோ, அவர் காலையில் தன் கையால் எழுதியது. அதைப் பார்க்காமல் தாண்டிப் போக நினைத்தார். சல்யூட் அவரை நிறுத்திவிட்டார்.

“என்ன கப்பல், மதியம் மேல வந்து சைகை பண்ணேன், திரும்பியே பாக்கலையே? அந்தப் பெரியவர் கார்ல ஏறுற வரைக்கும் உங்களைப் பத்தித்தான் பேசிட்டிருந்தார்.”

“தெரியும். சீட்டுல எழுதியிருக்கார். தலைமை ஆபீஸ்காரர்.”

“தலைமை ஆபீஸா? யாரு சொன்னா? ஊர் சுத்திப் பாக்க வந்தவங்க. தெருவுல போயிட்டிருந்தவர் இந்தப் பலகையைப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டார்.”

கப்பல் பலகையின் கடைசி வரியைப் பார்த்தார். சல்யூட் தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“பத்து வயசுல அந்த ஊரை விட்டுக் கிளம்பினாராம், அறுபது வருஷமா சொந்த ஊர்ப் பேரை யார் வாயாலயும் கேட்டதில்லையாம், ‘உங்க ஆளுக்குப் புரியணுமேன்னு நானும் பல்லைக் கடிச்சிக்கிட்டு இங்கிலீஷ்காரன் மாதிரியே சொல்லிப் பார்த்தேன், தங்கமான மனுஷன், பாவம், லிவோர்னோக்காரன் ஒருத்தன் பக்கத்துல இருந்து சொல்லிக் குடுத்திருந்தா அவருக்கும் வந்திருக்கும்’னு சொல்லிட்டுப் போறார்.”